சாரப் புரதத்தைப் பல்லாங்குழியில் விளக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் 'சாரப் புரதம்' என்றதும் பாதிப் பேர் பிழிந்தெடுத்த சத்து என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே, கொத்தனார் சுவரோரம் சவுக்குக் கழிகளால் கட்டும் சாரம் இது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாடத்துக்குரிய புரதம் கே.எஸ்.ஆர்.1. பழ ஈயிலும் உருளைப்புழுவிலும் ராஸ் என்ற புரதத்தின் சமிக்ஞையை ஆராய்ந்தவர்கள் 1995-ல் இந்த வகைப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். வளர்ச்சிக் காரணி செல்லைத் தொட்டதும் ராஸ் விழித்து ராஃபை எழுப்ப, ராஃப் மெக்குக்கும் மெக் எர்க்குக்கும் பாஸ்பேட்டைக் கைமாற்றுகின்றன. ராஃப், மெக், எர்க் என்ற இம்மூன்று புரதங்களையும் அருகருகே நிறுத்துவதே கே.எஸ்.ஆர்.1-இன் முதன்மையான வேலை.

புளியங்கொட்டை (ராஃப்), மஞ்சாடி (மெக்), சோழி (எர்க்) ஆகியவற்றில் ஆறாறு எடுத்துக்கொள்ளுங்கள். குழிதான் சாரம், ஒரு குழியில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்குத்தான் இடம். மூன்றும் கூடிய குழியில் மட்டுமே சமிக்ஞை போய்ச் சேரும்.

முதலில் மூன்று குழிகளை மட்டும் நிரப்பினால் மூன்று சமிக்ஞைகள் கிடைக்கும், ஒன்பது காய்கள் வெளியே சும்மா கிடக்கும். ஆறு குழிகளில் ஆறும் கிடைக்கும். அடுத்ததாக, பதினான்கு குழிகளையும் திறந்து, 1 முதல் 14 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, ஒவ்வொரு வகைக்கும் ஆறு சீட்டு எடுத்து அந்தந்தக் குழியில் ஒரு காய் வீதம் இடச் சொல்லுங்கள். அடுத்த வகைக்குப் போகுமுன் சீட்டுகளைத் திரும்பச் சேர்த்துக் குலுக்க வேண்டும். புளியங்கொட்டை ஒரு குழியிலும் மஞ்சாடி வேறொன்றிலுமாகச் சிதறி, முழுமையான குழி சராசரியாக ஒன்றுக்குச் சற்றே மேல்தான் தேறும். சில ஆட்டங்களில் ஒன்றுகூடத் தேறாது. சாரம் கூடக் கூடச் சமிக்ஞையும் கூடும் என்று அடித்துச் சொன்ன பிள்ளைகள் இங்கேதான் வாயடைத்துப்போவார்கள். செல்களில் கே.எஸ்.ஆர்.1-ஐ அளவுக்கு மீறிப் பெருக்கிப் பார்த்த ஆய்வுகளிலும் எர்க் சமிக்ஞை இப்படியே தணிந்தது.

பல்லாங்குழியால் காட்ட முடியாதவற்றை வாய்ச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். ஓய்வு நிலையில் கே.எஸ்.ஆர்.1, மெக்கைப் பிடித்தபடி சைட்டோபிளாசத்தில் 14-3-3 புரதங்களின் கட்டுக்குள் இருக்கிறது. ராஸ் விழித்ததும் அதிலுள்ள ஒரு பாஸ்பேட் நீக்கப்பட, கட்டு தளர்ந்து செல் சவ்வுக்கு நகர்கிறது. அங்கே அது வெறும் மேடையாக நிற்பதில்லை, ராஃபுடன் இணைந்து அதைத் தூண்டவும் செய்கிறது. தூண்டப்பட்ட எர்க், கே.எஸ்.ஆர்.1-மீதே பாஸ்பேட்டைப் பதித்து அந்தக் கூட்டணியைக் கலைக்கிறது. இதைச் சொல்லும்போது நிரம்பிய குழி ஒன்றை எடுத்துக்கொண்டு, சோழியின் கையாலேயே மற்ற காய்களை வெளியே தள்ளிக் காட்டுங்கள்.