ஆறு சக்கர ரோபோ: நடுச் சக்கரத்தை இறக்காமல் விட்டால்

ஜனவரி தொடக்கத்தில் எஃப்.ஆர்.சி போட்டியின் (பள்ளி மாணவர் அணிகள் ரோபோ கட்டி மோதும் போட்டி, FIRST Robotics Competition) அந்த ஆண்டு ஆட்டத்தை அறிவிப்பார்கள். அடுத்த வாரமே யாராவது ஒரு மாணவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்புவார். மிச்சிகனில் ஒரு பள்ளி அணிக்கு வழிகாட்டியாக இருப்பதால் இந்தக் காட்சி எனக்குப் பழகிவிட்டது. திரையில் ரோபோவின் அடிச்சட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று சக்கரங்கள், மூன்றும் ஒரே மட்டத்தில். "ஆறு சக்கரம் இருந்தா பிடிமானம் ஜாஸ்தி ஆகும்ல, அங்கிள்?"

நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு முழு சீசனைக் கட்டணமாகக் கட்டினேன்.

போல்ட்டை முறுக்கு, வயரை இழுத்துப் பார் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை முதல் நாள் பட்டறையே கற்றுக்கொடுத்துவிடும். சக்கர அடித்தளத்தில் புதிய அணிகள் சறுக்கும் இடங்கள் மட்டும் கீழே, ஒவ்வொன்றாக.

மூன்று சக்கரமும் ஒரே மட்டத்தில்

முதலில் பிடிமானம். அது ரோபோவின் எடையையும் சக்கரத்தின் ரப்பரையும் பொறுத்தது. சக்கரங்கள் நான்கானாலும் ஆறானாலும் எடை ஒன்றுதான், பங்குதான் மாறுகிறது. ஆறு சக்கரம் போடுவது பிடிமானத்துக்காக அல்ல, திரும்புவதற்காக.

இந்த வகை ரோபோவில் ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னேயும் மறுபக்கத்தவை பின்னேயும் ஓட, வண்டி நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். அப்போது மூலைச் சக்கரங்கள் நான்கும் கார்பெட்டில் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடுகின்றன. சட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவு எதிர்ப்பு. நான்கே சக்கரம் வைத்து, நீளம் அகலத்தைவிடக் கூடினால் வண்டி திரும்பவே மறுக்கலாம். இதற்கான வழி, நடுச் சக்கரத்தை மற்ற இரண்டையும்விட 3 மில்லிமீட்டர், அதாவது 1/8 அங்குலம், கீழே இறக்குவது. அப்போது நடு ஜோடியும், முன் அல்லது பின் ஜோடியும் மட்டும்தான் தரையைத் தொடும். வண்டி பாதி நீளத்துக்குச் சுருங்கிவிட்டதுபோல நடந்துகொள்ளும். எடையில் பெரும்பகுதி நடுவிலேயே உட்கார்ந்தால் மூலைகளில் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் முதல் ரோபோவில் இந்த இறக்கம் இல்லை. பள்ளித் தாழ்வாரத்தின் வழவழப்பான தரையில் பம்பரம்போலச் சுற்றியது. நாங்களும் கைதட்டினோம். போட்டிக் களத்துக் கார்பெட்டில் அதே வண்டி தவளைபோலத் தத்தித் தத்தித் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் மோட்டார்கள் மின்சாரத்தைக் குடிக்க, பேட்டரி வோல்டேஜ் 7க்கும் கீழே சரிய, கட்டுப்பாட்டுக் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்தியது. இரண்டரை நிமிட ஆட்டத்தில் நாங்கள் எத்தனை நொடி சும்மா நின்றோம் என்று எண்ணக்கூட மனம் வரவில்லை. ஓட்டிய பையனைத் திட்டினேன். தப்பு அவன் மேல் இல்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது அடுத்த ஆண்டு நடந்தது. சரி, பாடம் கற்றாயிற்று என்று 3 மில்லிமீட்டர் இறக்கம் வரைந்தோம். வரைபடத்தில் இருந்தது, வண்டியில் இல்லை. பக்கப் பலகைகளைக் கையால் துளையிட்டதில் இடப்பக்கம் சரியாக வந்தது, வலப்பக்கம் பாதிதான் வந்தது. மேலே கனமான இயந்திரக் கையைப் பொருத்தியதும் சட்டமும் கொஞ்சம் வளைந்தது. நடுச் சக்கரம்தான் அதிக எடையைத் தாங்குகிறது, ஆகவே அதன் ரப்பர்தான் முதலில் தேயும். ஒன்றரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே இறக்கத்தில் பாதி போயிற்று. போட்டியின் இரண்டாம் நாள் மாலை பழைய தவளை திரும்பி வந்துவிட்டது. அன்று இரவு ஹோட்டல் அறையில் புதிய ரப்பரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முழு எடையும் ஏறிய வண்டியைச் சமதளத்தில் வையுங்கள். முன்பக்கம் தரையில் படும்படி அழுத்துங்கள். பின் சக்கரத்துக்கு அடியில் இறக்கத்தைப் போல் இரு மடங்கு, சுமார் 6 மில்லிமீட்டர், இடைவெளி தெரிய வேண்டும். இரு பக்கமும் அளந்து பாருங்கள், ஒவ்வொரு போட்டிக்கு முன்னும். அப்புறம் ஒரு துண்டு கார்பெட் வாங்கிப் போடுங்கள். தாழ்வாரம் பொய் சொல்லும்.

அதற்காக இறக்கத்தை இரட்டிப்பாக்கவும் வேண்டாம். 28 அங்குல நீள அடித்தளத்தில் கால் அங்குலம் இறக்கினால் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 2 டிகிரி ஆடும். 14 அடி தூரத்திலிருந்து பந்தெறியும் ரோபோவுக்கு அது குறியில் அரை அடி பிசகு.

எடை மிகச் சரியாக நடுவில்

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வண்டி எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஒவ்வொரு பிரேக்குக்கும் தலையாட்டும். எடை ஒரு பக்கம் சற்றே தள்ளி இருக்கட்டும். பேட்டரியே சுமார் 6 கிலோ, அதை நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது.

காகித வேகம்

இந்தப் போட்டி ரோபோக்களில் மாட்டும் சிம் (CIM) மோட்டார் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 5,300 சுற்றுக்கு மேல் ஓடும். 6 அங்குலச் சக்கரம், 10.71 கியர் விகிதம் என்றால் கணக்கில் வினாடிக்கு 13 அடி வரும். களத்தில் பத்து, பத்தரை கிடைத்தால் நல்லது. பையன்கள் இதைப் பார்த்ததும் கியர் விகிதத்தைக் குறைத்து 18 அடி கேட்பார்கள். களத்தின் நீளமே சுமார் 54 அடிதான். பெரும்பாலான ஓட்டம் அதில் பாதிகூட இராது, அந்த உச்ச வேகத்தை எட்டுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டும். எதிரணியோடு முட்டித் தள்ளும்போது சக்கரம் வழுக்க வேண்டும். வழுக்காமல் மோட்டார் நின்றுபோனால் மின்சாரம் எகிறி, 40 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் சில நொடிகள் பொறுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும்.

செயின் மட்டுமே நம்பிக்கை

மோட்டாரின் விசையை எல்லாச் சக்கரத்துக்கும் செயினாலேயே கொண்டுபோகாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டிலேயே நடுச் சக்கரத்தை மாட்டுங்கள். செயின் அறுந்தாலும் எடை தாங்கும் சக்கரம் ஓடும், ஆட்டத்தை முடித்துவிடலாம். மெல்லிய 25ஆம் எண் செயின் போதும், ஆனால் இரு பல்சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். புதுச் செயின் ஓட ஓட நீளும். இறுக்க வழி வைக்காதவர்கள் போட்டி நடக்கும் சனிக்கிழமை காலையில் கற்றுக்கொள்வார்கள்.

மூலைகளில் ஓம்னி சக்கரம்

விளிம்பில் சின்னச் சின்ன உருளைகள் இருப்பதால் பக்கவாட்டிலும் வழுக்கும் சக்கரம் இது. அருமையாகத் திரும்பும். எதிரணி உங்களைத் திருப்புவதும் அதே அருமை.

சக்கரம் கழற்றும் நேரம்

ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடி வரையுங்கள்.

"எல்லாரும் ஸ்வெர்வ் போடுறாங்களே"

ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திசை திரும்பும் அமைப்பு அது. போடட்டும். உங்களுக்கு முதல் ஆண்டு.