அரிதான ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்வதற்கு முன்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ தயாராகிறவர்களிடம் ‘அரிய ஆங்கிலச் சொற்கள்’ என்று ஒரு பட்டியல் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். அதை அப்படியே உருப்போடத் தொடங்காதீர்கள். ஒரு சொல்லே அரிதாக இருப்பது ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்கு அரிதான பொருள் இருப்பது இன்னொன்று. பட்டியல்கள் முதல் வகையைத்தான் துரத்துகின்றன, படிக்கும்போது நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

முதலில் சொல்லின் புழக்கத்தைப் பாருங்கள். “நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை, அதனால் அரிது” என்ற கணக்கு சரிவராது. 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் திரட்டி பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு தொகுப்பு செய்தார்கள். அதில் ‘தி’ என்ற ஒரு சொல் மட்டுமே கிட்டத்தட்ட 7 சதவீதம். வந்த வெவ்வேறு சொற்களில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு முறைதான் வந்தன. எந்த மொழித் தொகுப்பை எடுத்தாலும் வடிவம் இப்படித்தான் இருக்கும், ஆகவே ஒரு சொல்லை முதல் முறையாகப் பார்ப்பது பெரிய அதிசயமில்லை.

லாங்மேன் அகராதியில் சில சொற்களுக்குப் பக்கத்தில் எஸ்1, டபிள்யூ2 என்று குறி இருக்கும். எஸ் என்றால் பேச்சு, டபிள்யூ என்றால் எழுத்து, 1 என்றால் அதிகம் புழங்கும் முதல் ஆயிரத்தில் ஒன்று, 2 என்றால் அடுத்த ஆயிரம். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி 1 முதல் 8 வரை படி வைத்திருக்கிறது. 8 அன்றாடச் சொற்கள், 1இல் இருப்பவை இன்றைய எழுத்தில் கண்ணில் படுவதே சந்தேகம். கூகுள் என்கிராம் இலவசம், சொல்லைத் தட்டினால் எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று கோடு போட்டுக் காட்டும், ஆனால் அது புத்தகங்களை மட்டும்தான் எண்ணுகிறது, பேச்சை அல்ல. 1800க்கு முந்தைய கோட்டை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள், அந்தக் கால அச்சில் எஸ் எழுத்துக்கு எஃப் போலத் தெரியும் நீண்ட வடிவம் ஒன்று இருந்ததால் கணினி ‘பெஸ்ட்’டை ‘பெஃப்ட்’ என்று படித்து வைத்திருக்கும்.

அகராதியில் இருக்கிறது என்பதே ஒரு சொல் வாழ்ந்ததற்குச் சான்றா என்றால், அதுவும் இல்லை. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் ‘டோர்ட்’ என்று ஒரு சொல் இருந்தது, பொருள் அடர்த்தி. உண்மையில் அது அடர்த்தியைக் குறிக்க பெரிய டி அல்லது சின்ன டி எழுதலாம் என்ற சுருக்கக் குறிப்பு, ‘டி ஆர் டி’யை (டி அல்லது டி) சேர்த்துப் படித்து ஒரு சொல்லாக்கிவிட்டார்கள். அதற்கு வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று 1939இல் ஒரு பதிப்பாசிரியர் கவனித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். உங்கள் இந்தியக் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள், குடியரசுத் தலைவர் பெயரால் வரும் வேண்டுகோளில் ‘லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ என்று இருக்கும். அனுமதி என்று நாம் நினைக்கும் ‘லெட்’ அங்கே தடை, அதாவது நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள், காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது. டென்னிஸில் சர்வ் வலையில் உரசிவிட்டு விழுந்தால் ‘லெட்’ என்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான். ‘சாங்ஷன்’ இன்னும் வேடிக்கை. லோன் சாங்ஷன் ஆனால் இனிப்பு கொடுப்போம், ஒரு நாட்டின்மேல் சாங்ஷன் போட்டால் அது பொருளாதாரத் தடை. ‘டேபிள்’ என்பதை வினையாகப் போட்டால் லண்டனிலும் டெல்லியிலும் அவையில் தாக்கல் செய்வது, வாஷிங்டனில் கிடப்பில் போடுவது.

இந்த மாதிரி இடங்களில் அகராதி பார்க்கும்போது பலர் கவனிக்காத ஒன்று: எல்லா அகராதியும் பொருள்களை ஒரே வரிசையில் அடுக்குவதில்லை. மெரியம்-வெப்ஸ்டர் வரலாற்று வரிசையில் அடுக்கும், முதலில் இருப்பது பழைய பொருள், முக்கியமான பொருள் என்று அர்த்தமில்லை. லாங்மேன் போன்ற மாணவர் அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முன்னால் வைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அரிய பொருள் எது என்று தானாகத் தெரிந்துவிடும். அப்புறம், பொருளுக்கு முன்னால் ‘ஆப்சொலீட்’ என்ற குறி இருந்தால் மெரியம்-வெப்ஸ்டர் கணக்கில் 1755க்குப் பிறகு அந்தப் பொருளில் யாரும் எழுதியதற்குச் சான்று இல்லை. ‘ஆர்கேயிக்’ என்றால் எப்போதாவது தலைகாட்டும், படிக்கத் தெரிந்தால் போதும்.

ஊருக்கு ஊர் அரிதும் மாறும். குறித்த நாளை முன்னால் தள்ளி வைப்பதற்கான ‘பிரிபோன்’ நம் அலுவலகங்களில் தினமும் வரும், ஒரு அமெரிக்கரிடம் சொன்னால் விழிப்பார். பதில் போடுங்கள் என்ற பொருளில் ‘ரிவர்ட்’ எழுதினாலும் அதே கதிதான், வெளிநாட்டு மெயிலில் ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடுங்கள். காலமும் மாற்றும். மண்வாசனைக்கான ‘பெட்ரிகோர்’ 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ஆய்வுக் கட்டுரைக்காக உருவாக்கிய சொல், இன்று மழை வந்தால் இன்ஸ்டாகிராம் முழுக்க அதுதான். 2017இல் சசி தரூர் ஒரு ட்வீட்டில் ‘ஃபராகோ’ (குழப்பமான கலவை) போட்டதும் நாடே அகராதியைப் புரட்டியது.

எழுதும்போது? ஒரே வேலையைச் செய்யும் எளிய சொல் இருந்தால் அதையே போடுங்கள், தரூரை விட்டுவிடுங்கள். ‘கித் அண்ட் கின்’ (உற்றார் உறவினர்), ‘டு அண்ட் ஃப்ரோ’ (இங்கும் அங்கும்) போன்றவை மட்டும் விதிவிலக்கு, ‘கித்’தும் ‘ஃப்ரோ’வும் தனியாக வருவது மிக அரிது என்றாலும் தொடராக வந்தால் எல்லோருக்கும் புரியும், எனவே நோட்டில் குறிக்கும்போது முழுத் தொடரையும் எழுதி வையுங்கள்.