பழைய காரில் எதற்கென்றே தெரியாத ஒயர்: செய்யக் கூடாத தவறுகள்

முப்பது நாற்பது வருடம் ஓடிய காரின் பானட்டைத் திறந்தால், எதிலும் மாட்டாமல் தொங்கும் ஒயர் ஒன்றாவது கண்ணில் படும். பலர் அதை உடனே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். சிலர் பக்கத்தில் காலியாக இருக்கும் ஏதோ ஒரு டெர்மினலில் செருகிப் பார்க்கிறார்கள். இரண்டுமே தவறு. கார் கம்பெனியோ, முன்பு வைத்திருந்தவரோ, யாரோ ஒருவர் காரணத்தோடுதான் அந்த ஒயரை இழுத்திருக்கிறார். காரணம் தெரியாதவரை அதை வெட்டவும் கூடாது, அதில் கரண்ட் கொடுக்கவும் கூடாது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைவ். பெரும்பாலும் இடையில் ஃபியூஸ்கூட இருக்காது. ஜெர்மன் கார்களில் அதே பழுப்புதான் எர்த், அதாவது பாடியோடு சேரும் ஒயர். ஜெர்மன் காரில் கை பழகியவர் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரின் பழுப்பு ஒயரைப் பாடியோடு சேர்த்தால், ஒயர் முழுக்க எரியும்வரை தடுக்க எதுவும் இல்லை. பிரிட்டிஷ் முறையில் வெள்ளை, சாவி போட்டதும் வரும் கரண்ட். அதுவே ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. ஊதா எப்போதும் லைவ், ஆனால் ஃபியூஸ் உண்டு. கறுப்பு எர்த். ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட டெர்மினல் எண்ணை நம்பலாம்: 30 பேட்டரி, 15 சாவி போட்டதும் வருவது, 31 எர்த், 50 செல்ஃப், 1 காயிலின் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் உறுப்பு) நெகட்டிவ். எந்த நாட்டுக் காராக இருந்தாலும் இன்ஜின் சூட்டிலும் எண்ணெயிலும் ஒயரின் நிறம் மாறியிருக்கும். ஹார்னஸ் (ஒயர்களின் கட்டு) டேப்பை ஒரு விரல் அளவு பிரித்தால் உள்ளே அசல் நிறம் தெரியும்.

1960களில் வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். எம்ஜிபி 1967 வரை அப்படித்தான் வந்தது. பிறகு யாராவது மாற்றியும் இருக்கலாம். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்க்காமல் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் அது அப்போதே போய்விடும்.

காயில் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காயிலின் பாசிட்டிவ் முனையில் இரண்டு ஒயர் இருந்தால், ஒன்று கூடுதல் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் உறுப்பு) உள்ள காரில் இரண்டுமே வேண்டும். சாவியிலிருந்து வருவது ரெசிஸ்டர் வழியாக வந்து, ஓடும்போது காயிலுக்கு 6 முதல் 9 வோல்ட் தருகிறது. சோலினாய்டிலிருந்து (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வரும் மற்றது, செல்ஃப் சுற்றும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி முழு பேட்டரி வோல்டேஜைத் தருகிறது. இந்த இரண்டாவது ஒயர் இல்லையென்றால், செல்ஃப் சுற்றும்போது பிடிக்காத இன்ஜின் சாவியை விடும் நொடியில் பிடிக்கும். மாறாக, சுற்றும்போது பிடித்துச் சாவியை விட்டதும் அணைந்தால் ரெசிஸ்டர் பக்கம்தான் அறுந்திருக்கிறது. சில கார்களில் ரெசிஸ்டர் தனி உறுப்பாக இருக்காது. ஹார்னஸுக்குள் ஓடும் ஒயரே ரெசிஸ்டர். அதைப் பழைய ஒயர் என்று எடுத்துவிட்டுச் சாதாரண ஒயர் போட்டால் காயில் சூடேறும், காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் கருகும். ஒயர்களைக் கழற்றிவிட்டு காயிலின் பிரைமரியை, அதாவது பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு நடுவே, அளந்து பாருங்கள். சுமார் 3 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் தேவையில்லாத காயில், 1.5 ஓம் அளவில் இருந்தால் ரெசிஸ்டர் வேண்டும்.

ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) உள்ள பழைய கார்களில் ஆபத்து வேறு மாதிரி. பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் 1967லேயே ஃபோக்ஸ்வேகனில் வந்துவிட்டது. 'அந்தக் காலத்துக் கார்தானே' என்று அதன் ஒயர்களில் டெஸ்ட் லேம்ப் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் பல்பு) வைக்கக் கூடாது. லேம்ப் இழுக்கும் கரண்ட், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடலாம். அங்கே டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் சரி. ஆனால் மீட்டரை மட்டுமே நம்புவதும் தவறு. மற்ற எல்லா இழைகளும் அறுந்து ஒரே இழையில் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். லோடு கொடுத்தால்தான் உண்மை தெரியும். அதனால் பவர் ஒயருக்கு பல்பு, ஈசியூ ஒயருக்கு மீட்டர்.

சென்சர் ஒயரை அடையாளம் காண பேட்டரியைக் கழற்றி, ஈசியூ கனெக்டரையும் பிரித்து, ஹார்னஸ் பக்கம் ஓம் அளக்கலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் அந்தக் காலத்து பாஷ் கூலன்ட் சென்சர் பலவும் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓமும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். இன்ஜின் சூடேற ஏற ஓம் குறைந்தால் ஒயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மீட்டரின் தடித்த முனையைக் கனெக்டர் துளைக்குள் அழுத்தாதீர்கள். துளை விரிந்துவிட்டால் இல்லாத புதுக் கோளாறு ஒன்று வந்து சேரும்.

ஃபியூஸிலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் கார்களில் வந்த பழைய லூகாஸ் கம்பெனி கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அதற்குப் பதிலாக 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரிந்துவிடும்.

முன்பு வைத்திருந்தவர் சேர்த்த ஒயர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நிறம் ஹார்னஸோடு ஒத்துப்போகாது. பிளாஸ்டிக் கிளிப் ஜாயின்ட்டும் பிசுபிசுத்த டேப்பும் இருக்கும். அலாரம் பெட்டியை மட்டும் சும்மா பிடுங்கிவிடாதீர்கள். அதை மாட்டும்போது அசல் இக்னிஷன் ஒயரை வெட்டி நடுவில் நுழைத்திருப்பார்கள். அந்த இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து மறுபடி சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைப் பாருங்கள். அது அறுந்திருந்தால் செல்ஃபின் கரண்ட் சோக் கேபிள் வழியாகக்கூடத் திரும்பும், மற்ற அளவீடுகள் எல்லாமே தவறாகத் தெரியும். எர்த் சரியாக இருந்தும் பிடிபடாத ஒயர் ஒன்று மிஞ்சினால், முனையை இன்சுலேட் செய்து, சாவி போடாதபோது, போட்டபோது, செல்ஃப் சுற்றும்போது என மூன்று நிலைகளிலும் அதில் வந்த வோல்டேஜைச் சீட்டில் எழுதி அந்த ஒயரிலேயே கட்டிவிடுங்கள்.