ஸ்பெயின் கடற்கரையில் வீடு வாங்கக் கட்டுப்படியாகுமா? முதன்முறை வாங்குபவருக்குப் படிப்படியான கணக்கு

ஸ்பெயினின் தென்கரையில் குடியேற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வீட்டின் விலையை. விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. அங்கே தங்க உரிமை உண்டா, பணத்தை எப்படிக் கொண்டுபோவது, ஆண்டுதோறும் எவ்வளவு கரையும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அந்த விலை நமக்குக் கட்டுமா என்று சொல்ல முடியும். அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: முதலில் விசா

வீடு வாங்கினால் குடியுரிமை வரும் என்று இன்னமும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். வராது. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கியவர்களுக்கு வசிப்பிட அனுமதி தந்த ‘கோல்டன் விசா’வையும் ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3 அன்று நிறுத்திவிட்டது. வெறும் சுற்றுலா விசாவில் போனால், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகப் போய்வர வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்றவர்களுக்குப் பொருந்துவது, வேலை செய்யாமல் வசிப்பதற்கான விசா. ஓய்வூதியமோ சேமிப்போ ஆண்டுக்கு 28,800 யூரோ இருப்பதாகக் காட்ட வேண்டும். உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மேலும் 7,200 யூரோ. (ஸ்பெயின் அரசின் ‘இப்ரெம்’ என்ற அளவுகோலை வைத்து இந்தத் தொகை வருகிறது; அது உயர்ந்தால் இதுவும் உயரும்.) வீட்டுக்காகச் செலவழித்துவிட்ட பணம் இந்தக் கணக்கில் சேராது. கையிருப்பு முழுவதையும் வீட்டில் போட்டுவிட்டு விசா கேட்டு நிற்பது பெரிய தவறு.

படி 2: வாங்கும் முன் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருங்கள்

ஜூலையில் பார்த்தால் எந்த வீடும் அழகுதான். ஜனவரியில் போய் இருந்து பாருங்கள். தென்கரையின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் வெப்பமூட்டும் வசதி கிடையாது. சுவரில் ஈரம் ஏறும். கோடையில் நிரம்பி வழிந்த தெருவில் பாதிக் கடைகள் சாத்திக் கிடக்கும். அந்த ஊரும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

படி 3: விலைக்கு மேல் எவ்வளவு?

மாலகா, அல்மேரியா நகரங்கள் உள்ள தென்கரை மாநிலமான அந்தலூசியாவை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த அடுக்குமாடி வீடு, விலை 1,50,000 யூரோ.

- சொத்து மாற்று வரி 7 சதவீதம்: 10,500
- நோட்டரி, பதிவு, ஆவண வேலைகள்: ஏறக்குறைய 2,000
- வழக்கறிஞர் 1 சதவீதம், அதன்மேல் 21 சதவீத வரி: 1,815

ஆக, 1,64,315 யூரோ. இந்த மாற்று வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலிகாந்தே இருக்கும் வலென்சியா பகுதியில் இதைவிடக் கூடுதல். நம் ஊர் வழிகாட்டி மதிப்பு போல அங்கேயும் 2022 முதல் அரசு ஒரு மதிப்பு நிர்ணயித்து வைத்திருக்கிறது. நீங்கள் பேரம் பேசிக் குறைத்து வாங்கினாலும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. பேரம் முடிவதற்கு முன்பே இந்த மதிப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 4: பணம் போகும் வழி

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கணவனும் மனைவியும் தனித்தனியாக அனுப்பி, இருவர் பெயரிலும் கிரயம் செய்துகொள்ளலாம். பலர் மறப்பது, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி வசூலிக்கும் 20 சதவீத வரியை. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன தொகையை ஒருவரே அனுப்பும்போது 30 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கையில் வைத்திருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். அதுவரை அது முடங்கிய பணம்.

படி 5: அச்சாரத்துக்கு முன் காகிதங்கள்

‘நியே’ எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண் வாங்காமல் கிரயம் நடக்காது. அதற்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது ‘நோட்டா சிம்ப்ளே’. நம் வில்லங்கச் சான்றுக்கு நெருக்கமானது. பதிவகத்தில் ஏறக்குறைய பத்து யூரோவுக்குக் கிடைக்கும். உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பது அதில் இருக்கும்.

கடலை ஒட்டிய வீடு என்றால் 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கரை பொதுச் சொத்து; அதன் எல்லைக்குள் மாட்டிக்கொண்ட வீட்டுக்குச் சொந்த உரிமை கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்கான அனுபவ உரிமைதான். அந்த எல்லையிலிருந்து உள்நோக்கி 100 மீட்டர் வரை பாதுகாப்புப் பகுதி. 1988க்கு முன்பே நகராகிவிட்ட இடங்களில் 20 மீட்டர். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை வழக்கறிஞர் எழுத்தில் தரட்டும்.

இனி, நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லும் காகிதத்துக்கு வருகிறேன்: குடியிருப்போர் கூட்டங்களின் நிகழ்ச்சிப் பதிவேடு. என் சித்தப்பா மகன் தோர்ரே தெல் மார் ஊரில் நான்காம் மாடி வீடு ஒன்றைப் பார்த்தான். எழுபதுகளில் கட்டியது, பால்கனியில் நின்றால் நேரே கடல். மாதப் பராமரிப்பு 80 யூரோ மட்டுமே என்றார் தரகர். நானும் கூடப் போயிருந்தேன். தலைக்கு மேலிருந்த பால்கனியின் அடிப்பக்கத்தில் துருநிறக் கறை ஒன்று கோடாக வழிந்திருந்தது. விரல் கணுவால் தட்டினேன். பானையைத் தட்டியது போல் பொள்ளென்று ஒலித்தது. உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தோம். முகப்பு முழுவதையும் செப்பனிட முடிவாகி, அந்த வீட்டின் பங்கு 9,400 யூரோ, இரண்டு ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. இத்தகைய சிறப்பு வசூலுக்குத் ‘தெர்ராமா’ என்று பெயர். தவணை நாள் வரும்போது யார் உரிமையாளரோ அவர்தான் கட்ட வேண்டும். தரகர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விலையில் அந்தத் தொகையைக் கழிக்கச் சொன்னோம், விற்பவர் மறுத்தார், வந்துவிட்டோம். அவனுக்கு அந்தக் கடலை விட மனமில்லை, திரும்பும் வழியெல்லாம் பேசாமலே வந்தான்.

பழைய பராமரிப்புப் பாக்கிக்கும் வீடே பிணை: நடப்பு ஆண்டுக்கும் முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய பாக்கி வாங்குபவர் தலையில் விழும். பாக்கி இல்லை என்ற சான்றில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 6: அச்சாரமும் கிரயமும்

அச்சாரம் வழக்கமாக விலையில் 10 சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அது போகும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வழக்கறிஞர் படிக்கட்டும், அவரும் தரகர் கைகாட்டியவராக இல்லாமல் நீங்களே தேடியவராக இருக்கட்டும். பிறகு நோட்டரி முன் கிரயம், பதிவு.

படி 7: ஆண்டுச் செலவு

மேற்சொன்ன அளவிலான வீட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: பராமரிப்பு 960, சொத்து வரி 350, குப்பை வரி 120, காப்பீடு 200. மொத்தம் 1,630 யூரோ. மின்சாரம், தண்ணீர் தனி. அங்கே குடியேறும்வரை இன்னொரு வரியும் உண்டு: வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தாலும், நகராட்சிப் பதிவு மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதத்தை வருமானமாகக் கருதி, இந்தியர்களுக்கு அதில் 24 சதவீதம் வரி போடுவார்கள். பதிவு மதிப்பு 60,000 யூரோ, விகிதம் 1.1 என்றால் ஆண்டுக்கு 158 யூரோ.

கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டு இதையெல்லாம் ஈடுகட்டலாம் என்ற எண்ணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025 ஏப்ரல் 3 முதல், அடுக்குமாடியில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க அங்குள்ள வீட்டு உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும். ஆகஸ்ட் இரவுகளில் தூக்கம் கெட்ட அண்டை வீட்டார் எளிதில் கை தூக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதுங்கள்: விசாவுக்குக் காட்ட வேண்டிய ஆண்டு வருமானம், கிரயத்தன்று தேவைப்படும் முழுத்தொகை, ஐந்து ஆண்டு வீட்டுச் செலவு. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒதுக்கிய பிறகும் முதலாவது குறையாமல் நின்றால், வீடு பார்க்கப் புறப்படலாம்.