இழுப்பு முதலில், டேங்க் அப்புறம்

என் மேசை டிராயரில் ஏழு வேப் (மின் சிகரெட்) டேங்க் இருக்கின்றன. தினமும் கை போவது இரண்டுக்குத்தான். மற்ற ஐந்தும் மோசமானவை இல்லை, என் இழுப்புக்குப் பொருந்தாதவை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்த ஐந்தையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

பதினாறு வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, அதை விடுவதற்காக வேப்புக்கு வந்தவன் நான். அப்படி வந்த பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகைப் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்க வேண்டாம். நிகோடின் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. வேப் விற்பனையைத் தடை செய்த நாடுகளும் உண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். லிக்விட், அதாவது ஆவியாக்கி இழுக்கும் திரவம், நிரப்பி வைக்கும் கண்ணாடித் தொட்டி உள்ளதையும் (RTA), தொட்டியே இல்லாமல் பஞ்சில் சொட்டுச் சொட்டாக விடுவதையும் (RDA) தமிழில் எழுதினால் இரண்டுமே 'ஆர்டிஏ' என்றுதான் வருகிறது. அதனால் முதல் வகையை டேங்க் என்றும், அடுத்ததை டிரிப்பர் என்றும் சொல்கிறேன். இங்கே பேச்செல்லாம் டேங்க் பற்றித்தான். லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலை நாமே சுற்றி, லிக்விட்டை உறிஞ்சித் தரும் பஞ்சை நாமே வைக்கிற டேங்க்.

சித்தப்பா மகன் ஒருநாள், "அண்ணே, எந்த டேங்க் நல்லது?" என்று கேட்டான். "நீ எப்படி இழுப்பே, அதைச் சொல்லு முதல்ல" என்றேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. சிகரெட்டில் புகையை முதலில் வாயில் வாங்கி, பிறகு நெஞ்சுக்குள் விடுவோம் இல்லையா, அது வாய் இழுப்பு. மூச்சு இழுப்பது போல நேராக நெஞ்சுக்குள் வாங்கினால் அது நெஞ்சு இழுப்பு. டேங்க்கின் காற்றுத் துளை, காயிலின் ஓம் (மின்தடை), லிக்விட்டின் கெட்டி, நிகோடின் அளவு எல்லாமே இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் மாறும். சிகரெட்டை விட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவருக்கு வாய் இழுப்புதான் பழக்கமாக இருக்கும்.

வாய் இழுப்பு டேங்க்கில் காற்றுத் துளைகள் 0.8, 1.0, 1.2 மில்லிமீட்டர் என்று ஊசி முனை அளவில்தான் இருக்கும். நெஞ்சு இழுப்பு டேங்க்கில் துளைக்குப் பதில் அகலமான பிளவுகளே இருக்கும். 'இரண்டுக்கும் ஆகும்' என்று விற்கிற டேங்க்கை நான் நம்புவதில்லை. அகலப் பிளவைத் திருகி அடைத்துச் சின்னதாக்கினால் காற்று ஒரு ஓரத்தில் சீறிக்கொண்டு போகும், இழுக்கும்போது விசில் சத்தம் வரும். கடையில் டேங்க்கைக் கையில் கொடுத்தால், காயிலும் லிக்விட்டும் இல்லாமல் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், வாய் வைக்கும் முனையான டிரிப் டிப்பைத் துடைத்துவிட்டு. மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி இறுக்கம் இருந்தால் வாய் இழுப்புக்குச் சரி. காற்று தடையில்லாமல் உள்ளே வந்தால் அது மற்ற வகை.

அடுத்தது டெக், அதாவது காயிலை மாட்டுகிற மேடை. நான் டேங்க்கை ஒப்பிடும்போது அதிக நேரம் பார்ப்பது இதைத்தான். முதல் டேங்க் வாங்குகிறவர் ஒற்றைக் காயில் டெக்கை எடுங்கள். இரட்டைக் காயிலில் இரண்டும் ஒரே அளவாக அமைய வேண்டும், இல்லையென்றால் ஒன்று பழுத்த பிறகுதான் மற்றது சூடாகும். பேட்டரியும் லிக்விட்டும் வேறு மடமடவென்று தீரும். 1 ஓம் காயில் இரண்டைப் போட்டால் மொத்தம் 0.5 ஓம் ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காயிலின் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் தூணான போஸ்ட்டைக் கவனியுங்கள். கம்பி முனையைத் தகட்டுக்கு அடியில் சொருகி, மேலிருந்து திருகுகிற கிளாம்ப் வகை கைக்குச் சுலபம். போஸ்ட்டே இல்லாமல் தரையில் துளை மட்டும் உள்ள டெக்கில் காயிலின் கால்களை முன்கூட்டியே அளந்து வெட்ட வேண்டும், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் உயரம் மாறிவிடும். சில டெக்குகள் ஒரு திசையில் சுற்றிய காயிலை மட்டுமே ஏற்கும். நீங்கள் வழக்கமாகச் சுற்றுவது வலமா இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருகாணியும் முக்கியம். தலையே இல்லாமல் அறுகோணக் குழி மட்டும் உள்ள சின்னத் திருகாணிகள் நாலைந்து மாதத்தில் வழுக்க ஆரம்பிக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு மசிகிற தலை என்றால் நிம்மதி.

கம்பிக்குப் பதில் வலைத் தகடு மாட்டுகிற டெக்கும் உண்டு, வோட்டோஃபோ ப்ரொஃபைல் அந்த வகை. ருசி நன்றாகவே வரும். ஆனால் பஞ்சு தகட்டின் எல்லா இடத்திலும் ஒட்டி நிற்க வேண்டும், ஒட்டாத இடம் கருகும். அது நெஞ்சு இழுப்புக்காரர்களின் பாதை.

இனி பஞ்சு. பலர் டேங்க்கைத் திட்டுவது இங்கேதான், பாதி நேரம் டேங்க் மீது தப்பு இருக்காது. டெக்கின் இரு பக்கமும் லிக்விட் ஏறி வருகிற வாய்க்கால் இருக்கும். அது அகலமா குறுகலா, அதில் வைத்த பஞ்சு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பாதித் தலைவலி குறைந்தது. பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசான பிடிமானம் தெரிய வேண்டும். கம்பி வளைந்தால் பஞ்சு அதிகம், தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. இரு முனைகளையும் டெக்கின் விளிம்போடு வெட்டி, ஊசியால் சீவி கொஞ்சம் உதிர்த்துவிட்டு, வாய்க்காலின் வாயை மூடும்படி சும்மா உட்கார வைக்கிறேன். அமுக்கித் திணித்தால் லிக்விட் ஏறாது, தொண்டையில் கருகல் அடிக்கும். இடைவெளி விட்டால் அடியில் ஒழுகும். குறுகிய வாய்க்கால் உள்ள டேங்க்கில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவு நூலிழைதான். தூக்கக் கலக்கத்தில் பஞ்சு மாற்றினாலும் மன்னிக்கிற டேங்க்தான் தினசரிக்கு ஆகும்.

லிக்விட்டின் கெட்டியும் இதோடு சேரும். தாவரக் கிளிசரின் 70 சதவீதம் உள்ள கெட்டி லிக்விட்டுக்கு வாய்க்கால் அகலமாக வேண்டும். கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த தண்ணியான லிக்விட் வாய் இழுப்பு டேங்க்கின் சின்ன வாய்க்காலில் அழகாக ஏறும்.

காற்று மேலிருந்து வருகிறதா, அடியிலிருந்தா? அடிக்காற்று நேராகக் காயிலின் வயிற்றில் படும், ருசி கூர்மையாக இருக்கும். கேஃபன் வரிசை இந்த வழியில் பெயர் வாங்கியது. மேல்காற்று டேங்க்கில் துளைகள் லிக்விட் மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஒழுகுவது வெகு குறைவு. கீக்வேப் ஸியஸ் அப்படிப் பிரபலமானதுதான். என் நாக்குக்கு அதில் ருசி ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் ஒருமுறை பயணத்தில் அடிக்காற்று டேங்க் ஒன்று பைக்குள் சாய்ந்து, இருந்த 4 மில்லியும் மோடின், அதாவது டேங்க்கை மாட்டும் பேட்டரிப் பெட்டியின், பட்டன் இடுக்கு வழியாக இறங்கிவிட்டது. அந்த மோட் பிறகு உயிர் பெறவே இல்லை. அன்றிலிருந்து வெளியே போகும்போது மேல்காற்று, வீட்டில் அடிக்காற்று. அடிக்காற்று டேங்க்கில் நிரப்பும்போது காற்று வளையத்தை முதலில் மூடுங்கள். நிரப்பி, மூடியைத் திருகி, டேங்க்கை ஒரு நொடி தலைகீழாகப் பிடித்து, அப்புறம் வளையத்தைத் திறங்கள்.

கொள்ளளவைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். வாய் இழுப்புக்கு 2 மில்லியே நெடுநேரம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி டேங்க் 2 மில்லிக்கு மேல் போகக் கூடாது. நெஞ்சு இழுப்புக்கு 4, 5 மில்லி இல்லாவிட்டால் நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள். அகலம் 22 மில்லிமீட்டரா 25-ஆ என்பதை உங்கள் மோடின் தலையோடு ஒட்டிப் பார்த்தால் போதும். மாற்றுக் கண்ணாடி, ஓ-ரிங், திருகாணி தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கண்ணாடி உடைந்து, மாற்றும் கிடைக்காவிட்டால் நல்ல டேங்க்கும் வெறும் இரும்புதான்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மோடில் 0.2 ஓம் காயில் போட்டால் 21 ஆம்பியர் இழுக்கும், மோடில் போடும் 18650 வகைப் பேட்டரிகள் பலவும் அதைத் தாங்காது. பேட்டரி நேராக டேங்க்கைத் தொடுகிற மோடில், டேங்க்கின் நடு ஊசி நன்றாக வெளியே துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். துருத்தாவிட்டால் ஷார்ட் ஆகி பேட்டரி வெடிக்கவும் கூடும். புதியவர்கள் ஓம் காட்டுகிற, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடுகிற மோடையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டேங்க்கில் எது என்று தடுமாறுகிறீர்களா? நண்பரிடம் இரவல் வாங்கியாவது இரண்டையும் ஒன்றாக மேசையில் வையுங்கள். பிரித்து, வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அலசிக் காய வையுங்கள், புது டேங்க்கில் மெஷின் எண்ணெய் ஒட்டியிருக்கும். வாய் இழுப்பு டேங்க்குகள் என்றால் இரண்டிலும் ஒரே காயில்: 28 கேஜ் காந்தல் (Kanthal) கம்பி, 2.5 மில்லிமீட்டர் தடியில் 6 சுற்று. சுமார் 1 ஓம் வரும். அதே பஞ்சு, அதே லிக்விட், இரண்டுக்கும் 13 வாட். காயில் ஒன்றாகிவிட்டதால் நாக்கில் தெரிகிற வித்தியாசம் டேங்க்குடையது. புகை எவ்வளவு வருகிறது என்று பார்க்காதீர்கள். லிக்விட்டின் இரண்டாவது ருசி, அதாவது பழத்துக்குப் பின்னால் வருகிற இனிப்போ புளிப்போ, எதில் தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். காயிலுக்கு மேலே உள்ள அறை சின்னதாக இருந்தால் அது கூடுதலாகத் தெரியும்.

ராத்திரி இரண்டையும் நிரப்பி, ஒரு டிஷ்யூ காகிதத்தின் மேல் படுக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும், நிகோடின் விஷம். என் தம்பிக்கு ருசியில் பிடித்த டேங்க் மறுநாள் காலை காகிதத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை விட்டிருந்தது. பஞ்சின் முனைகளைக் கொஞ்சம் நீளமாக வெட்டி வைத்து, மறுநாள் ராத்திரி திரும்பவும் படுக்கப் போட்டான். காகிதம் காய்ந்தே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டான்.