நீக்கிய மென்பொருள் விட்டுச்செல்லும் மிச்சங்களை அகற்றுவது எப்படி?

விண்டோஸில் ஒரு மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே, கண்ட்ரோல் பேனல் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே பப்ளிஷர் என்ற பத்தியில் உள்ள நிறுவனப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கியதும் அந்த வரியே மறைந்துவிடும். மிச்சக் கோப்புறைகளோ பெரும்பாலும் மென்பொருளின் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும்.

நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தபின், புரோகிராம் ஃபைல்ஸ், மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா, பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டாவின் லோக்கல், ரோமிங் ஆகியவற்றில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இதற்கு நான் பயன்படுத்துவது எவ்ரிதிங் என்ற இலவசத் தேடுகருவி. விண்டோஸின் சொந்தத் தேடலை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. ஒரே நிறுவனத்தின் வேறு மென்பொருளும் உங்களிடம் இருந்தால், நிறுவனக் கோப்புறையை முழுதாக அழிக்காமல், உள்ளே உரிய உட்கோப்புறையை மட்டும் அழியுங்கள்.

என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது அடுத்த படி. ஒரு பிடிஎஃப் மென்பொருளை நீக்கிய பிறகும் வலச்சொடுக்குப் பட்டியலில் அதன் பெயர் நின்றது. எஞ்சியிருந்த ஒற்றை டிஎல்எல் கோப்பை (பிற மென்பொருள்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) அழிக்க முயன்றபோதெல்லாம் அது பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தியே வந்தது. அதைப் பிடித்துவைத்திருந்தது, கோப்புறைகளையும் வலச்சொடுக்குப் பட்டியலையும் காட்டும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்தும் பயனில்லை; விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கோப்புக்கான பதிவு இருக்கும்வரை எக்ஸ்ப்ளோரர் அதே கோப்பை மீண்டும் ஏற்றிக்கொள்ளும். எனவே வரிசை முக்கியம்: முதலில் பதிவை முடக்கி, பிறகு எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்து, அதன்பின் கோப்பை அழிக்க வேண்டும்.

பதிவை முடக்க, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள, தானாக ஏற்றப்படுபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, எக்ஸ்ப்ளோரர் தாவலில் அந்த வரியின் டிக் குறியை எடுத்தால் போதும். தவறு நேர்ந்தால் மறுபடி டிக் செய்துகொள்ளலாம் என்பதால், ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகக் கைவைப்பதைவிட இதையே பரிந்துரைப்பேன். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைப்பதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களின் பக்கமே நான் போவதில்லை.

பிற்சேர்க்கை: கோப்பை ஏற்கெனவே அழித்துவிட்டதால் எந்தப் பதிவு மிச்சம் என்று தெரியவில்லை எனச் சிலர் கேட்டிருந்தார்கள். கோப்பு இல்லாத பதிவுகளை ஆட்டோரன்ஸ் மஞ்சள் நிறத்தில் காட்டும். எல்லா மஞ்சள் வரிகளையும் நீக்கிவிடாமல், குறித்துவைத்த பெயரோ கோப்புறையோ உள்ள வரிகளை மட்டும் எடுங்கள்.