ஊருக்காக ஓடி ஓடி உழைத்தவர் இறந்துவிட்டார், நினைவுகூர என்ன செய்யலாம்?

சிலை, அறக்கட்டளை என்று எதையும் அவசரப்பட்டு அறிவிக்காதீர்கள். முதலில் அவர் வீட்டில் கேளுங்கள். கேட்க ஒருவர் போனால் போதும். பத்துப் பேர் போய் உட்கார்ந்தால் "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

அப்புறம் கதைகள். எல்லோரும் இதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம், ஏனென்றால் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதிவை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷர்" என்பதோடு முடிந்துவிடும். "அவரோடு கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எரியாத தெருவிளக்குக் கம்பங்களின் எண்களை ஒரு பழைய டயரியில் குறித்து வைத்து, விளக்கு எரிய எரிய ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே வந்தார் என்பது போல ஒன்று கிடைத்தால் போதும், "தன்னலமற்ற சேவையாளர்" என்று எழுதவே வேண்டியிருக்காது. கோபக்காரர் என்றால் அதையும் எழுதுங்கள், படிப்பவர்களுக்கு அவரை நன்றாகவே தெரியும்.

பழைய படங்களை, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். சின்னப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் பெரிதாக்கினாலும் முகம் தெளிவாக இருக்கும்.

நினைவுக் கூட்டத்துக்கு 6 பேர், ஆளுக்கு 3 நிமிடம். நான் போன ஒரு கூட்டத்தில் 14 பேர் பேசினார்கள், பாதிப் பேர் தங்களைப் பற்றியே, கடைசியில் அவர் படிக்க வைத்த பெண்ணின் கைக்கு மைக் வந்தபோது பின்வரிசையில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவரால் பயனடைந்தவர்கள் முதலில் பேசட்டும், பிரமுகர்கள் காத்திருக்கலாம்.

பெயர்ப்பலகை வைப்பதானால் பெயரையும் ஆண்டுகளையும் குடும்பத்தாரிடம் எழுத்தில் காட்டிச் சரிபாருங்கள், பொது இடம் என்றால் அனுமதியும் வாங்குங்கள். மரம் நடுவது நல்லதுதான், ஆனால் முதல் 2, 3 ஆண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று தெரிந்த பிறகு நடுங்கள். பணம் திரட்டினால் இரண்டு பேர் கையெழுத்துப் போடும் தனிக் கணக்கு வேண்டும், உதவித்தொகையை ஆண்டுதோறும் கொடுக்க நினைத்தால் அசலைத் தொடாமல் வட்டியிலிருந்து மட்டும் கொடுங்கள்.

கூட்டத்தன்றே இன்னொன்றும் செய்யுங்கள். அவர் வாராவாரம் பார்த்துவந்த வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே கோடு போட்டு, சுற்றுக்கு விடுங்கள், யாரால் எது முடியுமோ பெயர் எழுதட்டும். திரும்பி வரும்போது சில கோடுகள் காலியாகத்தான் இருக்கும். அந்தத் தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் சிலருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.